கடைசிக் குடம்

சைதாப்பேட்டை
9-8-93

முன்னாள் செயலாளர் ஆரோக்கியமேரி அவர்களுக்கு, ஆற்றோரக் குடிநீர்ச் சங்கத் தலைவர் சின்னப்பையன் எழுதுவது.

உங்கள் ராஜினாமாவைக் கதிரேசன் கொண்டுவந்து கொடுத்தான். ஒன்பது வருஷம் எதிர் வீட்டில் இருந்தவருக்கு என் வாசல் எது என்று மறந்துவிட்டது போலிருக்கிறது. நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு பிழை. ‘இனி எனக்கு அங்கே வேலை இல்லை’ என்பது மூன்றாவது வரி. வேலை இருக்கிறதா இல்லையா என்று நீங்களாக எப்படி முடிவு செய்யலாம்? அக்டோபர் ஏழாம் தேதி இன்ஜினியர் சண்முகசுந்தரம் நேரில் பார்க்க வருகிறார். நூற்று நாற்பது வீடு என்று மனுவில் எழுதியிருக்கிறோம். வீட்டுக்கு ஒருவராவது அன்றைக்குத் தெருவில் நின்றால்தான் இந்த வருஷத்தில் நமக்குக் குழாய். நிற்காவிட்டால் வேறு இடத்துக்குப் போய்விடும். இது உங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் பட்டினப்பாக்கத்தில் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

போன புதன்கிழமை நடந்ததை ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுகிறார்கள். அதனால் எழுத்தில் வைக்கிறேன். லாரி வந்தால் வீட்டுக்கு ஐந்து குடம். தலைவர் வீட்டுக் குடம் வரிசையில் கடைசி. இது சங்கத்தின் முதல் விதி. அதில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. அன்றைக்கு என் வீட்டுக் குடத்தை எடுத்து வரிசையில் முதலாவதாக வைத்தது நீங்கள். நான் வருவதற்குள் அது நிரம்பிவிட்டது. அந்தத் தண்ணீரை எடுத்துப்போய்க் கடைசியில் நின்ற கதிரேசன் மனைவி அன்புச்செல்வியின் குடத்தில் ஊற்றினேன். விதியை மீறி வந்த தண்ணீர் விதிப்படி போய்ச் சேர்ந்தது. இதில் ஊரை விட்டுப் போக என்ன இருக்கிறது?

லாரி வந்தால் ஊதும் விசில் உங்களிடம் இருக்கிறது. அது சங்கத்தின் பொருள். திருப்பி அனுப்பவும்.

வீட்டில் பவுனம்மா சுகம். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மு. சின்னப்பையன், தலைவர்


பட்டினப்பாக்கம்
17-8-93

தலைவர் அவர்களுக்கு,

இப்படி ஆரம்பித்தால் எனக்குக் கை ஓடவில்லை. அண்ணே என்றே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அடித்துவிடுங்கள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நான் எட்டாவதோடு நின்றவள்.

நான் கோபத்தில் வந்ததாக நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கே வந்து மூன்று நாள் மீன் கூடையைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது, எனக்கு வந்தது பயம்.

எழுத்தில் வைக்கிறேன் என்றீர்கள். நானும் வைக்கிறேன். சனிக்கிழமை அண்ணியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தோம். இதயம் வீங்கியிருக்கிறது, பாரம் தூக்கக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது என்று டாக்டரம்மா உங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். திங்கட்கிழமை லாரியில் உங்கள் முறை வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அன்று மத்தியானம் அண்ணி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போய், பம்பில் அடித்து, நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து கொண்டுவந்தார். பார்த்தவள் நான். அதனால்தான் புதன்கிழமை யாரையும் கேட்காமல் குடத்தை முன்னால் வைத்தேன். வரிசையில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. லாரி ஓட்டுகிற வலியுல்லா பாய்கூட உங்களிடம் சொன்னார்: “இன்னா தலைவரே, பொம்பள நோவோட கீது. இன்னிக்கி ஒரு நாள் வுடேன்.”

நீங்கள் விடவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசைக் கடைசிக்குப் போனீர்கள். அன்புச்செல்வி தன் குடத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டது. அதன் குடத்தில் நீங்கள் ஊற்றவில்லை அண்ணே. தரையில் ஊற்றினீர்கள்.

அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

விசில் என் சுருக்குப்பையில் இருக்கிறது. கொஞ்ச நாள் இருக்கட்டும். அண்ணி மாத்திரை சாப்பிடுகிறாரா?

ஆரோக்கியமேரி


சைதாப்பேட்டை
25-8-93

செயலாளர் ஆரோக்கியமேரிக்கு,

‘முன்னாள்’ போடவில்லை. ராஜினாமாவைச் சங்கம் ஏற்கவில்லை.

தண்ணீரைக் குடத்தில்தான் ஊற்றினேன். ஊற்றும்போது கொஞ்சம் கீழே போயிருக்கலாம். மனிதர்களுக்குச் சிந்தியதுதான் கண்ணில் படும்.

எனக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தி.நகர் பாத்திரக் கடையில் இருபத்தெட்டு வருஷம் பெயர் வெட்டினேன். வாங்குகிறவர்கள் சீட்டில் எழுதித் தருவதைப் பார்த்து உளியால் அப்படியே இறக்குவேன். எந்த எழுத்துக்கு எந்தச் சத்தம் என்று தெரியாமலே ஆறு மாதம் வெட்டியிருக்கிறேன். ஒரு கல்யாணச் சீர் அண்டாவில் பெயரைத் தலைகீழாக வெட்டி முதலாளியிடம் அடி வாங்கினேன். அப்படி வந்த எழுத்து இது. அப்படி வந்ததுதான் சங்கமும்.

எண்பத்து நாலில் லாரி வந்தால் என்ன நடக்கும் என்று உனக்கு நினைவிருக்கும். பலமுள்ளவன் குடம் நிறையும். மற்றவர்கள் குடத்தால் அடித்துக்கொள்வார்கள். சங்கம் வைப்போம் என்று நான் வீடு வீடாகப் போனபோது கதிரேசனின் அப்பன் என்ன கேட்டான் தெரியுமா? “இன்னாபா, தலைவருக்கு ஃபர்ஸ்ட் கொடமா, இல்ல ஃபுல் லாரியுமா?” தெருவே சிரித்தது. வீட்டுக்கு வந்து, என் கல்யாணத்துக்கு முதலாளி கொடுத்த எவர்சில்வர் குடத்தை எடுத்து, அதன் வயிற்றில் பெரிய எழுத்தில் ‘கடைசி’ என்று வெட்டினேன். மறுநாள் அதைக் கொண்டுபோய் வரிசைக் கடைசியில் வைத்தேன்.

முதல் வாரம் பதினொரு வீடு. அந்தக் குடம் இரண்டு தடவை காலியாகத் திரும்பியதை எல்லோரும் பார்த்தார்கள். பொங்கலுக்குள் அறுபது வீடு சேர்ந்தது. என் பேச்சைக் கேட்டு யாரும் வரவில்லை. குடத்தைப் பார்த்து வந்தார்கள். ஒரு நாள் அது முன்னால் போனால், மறுநாள் கதிரேசன் குடம் முன்னால் போகும். அதற்கு மறுநாள் மண்டை உடையும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தலைமை. இதை மாற்றச் சொல்ல உனக்கு உரிமையில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு எப்போதும் தொண்ணூறு பேராவது வருவார்கள். இந்த வாரம் ஐம்பத்திரண்டு. ஊரில் காய்ச்சல் இருக்கிறது.

விசிலை அனுப்பவும்.

சின்னப்பையன்


பட்டினப்பாக்கம்
6-9-93

அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. அந்தக் குடத்தைப் பார்த்துத்தான் நானும் வந்தேன். பன்னிரண்டாவது வீடு என்னுடையது.

ஆனால் வந்தவர்கள் ஒன்பது வருஷம் ஏன் போகாமல் இருந்தார்கள் என்று நீங்கள் யோசித்ததில்லை. செவ்வாய்க்கிழமை மனு கொடுக்கப் போகும்போது வாராவாரம் வேறு பத்துப் பேரைக் கூட்டிப்போக வேண்டும் என்றீர்கள். நல்ல யோசனை. அதனால்தான் நம் தெருவில் எல்லோருக்கும் ஆபீஸ் படியேறத் தெரியும். ஆனால் திரும்பி வரும்போது நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போய்விடுவீர்கள். நாங்கள் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுவிடுவோம். அன்புச்செல்வி உங்களைப் போலக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, “ஐயா, தங்கள் மேலான கவனத்துக்கு” என்று பேசிக் காட்டும். ஒரு நாள் நீங்கள் இன்ஜினியர் என்று நினைத்துப் பியூனிடம் அரை மணி நேரம் பேசினீர்களே, அதை நாங்கள் இரண்டு வருஷம் வைத்துச் சிரித்தோம். அண்ணியும் சிரிப்பார். அடுத்த செவ்வாய் என் முறையா என்று ஆட்கள் என்னிடம் வந்து கேட்டது மனுவுக்காக மட்டும் இல்லை அண்ணே.

இப்போது ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். காய்ச்சல் இல்லை. கதிரேசன் போன வாரம் மீன் வாங்க வந்தான். தலைவருக்கு வயதாகிறது, அடுத்து நீதானே, முன்னால் வந்து நில் என்றேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இன்னாக்கா, வெளாட்றியா? நான் தலைவரானா அன்பு கொடம் கடேசிக்குப் போவணும். அது மாசமா கீது. பவுனக்காவுக்கு நடந்தத நாங்க பாத்தோம்ல?” பக்கத்தில் வரவே எல்லோருக்கும் பயம். பக்கத்தில் வந்தால் அந்தக் குடம் தன் வீட்டுக்கு வந்துவிடுமோ என்று.

இன்னொன்று. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆஸ்பத்திரியில் அண்ணி என்னிடம் சொன்னார். “எத்தினி ஆயிரம் பேருக்குப் பேரு வெட்டிச்சி இந்த மனுசன். எங்கொடத்துல எம்பேரு இல்ல பாத்தியா மேரி. கடேசியாம். தெருவுல புள்ளைங்க என்னியே கடேசியம்மானுதான் கூப்டுது.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஆரோக்கியமேரி


சைதாப்பேட்டை
20-9-93

ஆரோக்கியமேரிக்கு,

உன் கடிதத்தைப் பவுனம்மாவிடம் படித்துக் காட்டவில்லை. அவளுக்கு அப்படி ஒரு குறை இருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாள். முப்பத்தொரு வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்தொன்பது பேர். செவ்வாய்க்கிழமைக்குப் பத்துப் பேர் எழுதினேன், இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பாதி வழியில் தலைவலி என்று திரும்பிவிட்டார். விசில் இல்லாததால் லாரி வந்தபோது தட்டில் கரண்டியால் தட்டிக்கொண்டு போனேன். “தலைவரே, சோறு ரெடியா?” என்று ஒருவன் கேட்டான். சிரிக்கட்டும். நீதான் சிரிப்பு வேண்டும் என்கிறாயே.

வீடு வீடாகப் போகிறேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்தால் பதில் சொல்லலாம். எண்பத்து நாலில் எல்லோரும் எதிர்த்தார்கள், அது சுலபமாக இருந்தது. இப்போது “வரேன் தலைவரே” என்று தலையாட்டுகிறார்கள். நான் அடுத்த வாசலுக்குப் போவதற்குள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ஒன்பது வருஷம் தள்ளிக்கொண்டு வந்த வண்டி. நின்றுவிட்டால் மறுபடி நகர்த்த எத்தனை கை வேண்டும் என்று உனக்குத் தெரியுமா? அதை நிறுத்தியவள் நீ. நீ முன்னால் வைத்த ஒரு குடம் நிறுத்தியது.

குடத்தை இப்போது நானே தூக்கிப்போய்க் கடைசியில் நிற்கிறேன். ஆகவே உன் குற்றச்சாட்டுக்கு இனி இடமில்லை. இந்த வாரம் இரண்டு நாள் காலியாகத் திரும்பியது. பாலம் தாண்டிப் போய் அடித்துக் கொண்டுவந்தேன். தூரம் நான் நினைத்ததைவிட அதிகமாகத்தான் இருக்கிறது.

சின்னப்பையன்


பட்டினப்பாக்கம்
30-9-93

அண்ணே,

அஞ்சலட்டையில் இடமில்லை. நேற்று நீங்கள் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் வந்து அண்ணியைப் பார்த்தேன். சொல்லாதே என்றார், சொல்கிறேன். இரண்டு காலும் முழங்கால் வரை வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ஏழாம் தேதி வரை தள்ளாதீர்கள்.

ஏழாம் தேதி நான் விசிலோடு வருகிறேன். நூற்று நாற்பது வீட்டையும் வெளியே கொண்டுவருகிறேன். ஒன்றே ஒன்று. அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதல் விதியை எடுத்துவிட்டு, தலைமையைக் கதிரேசனிடம் கொடுங்கள். சம்மதம் என்றால் ஒரு வரி போடுங்கள். போடாவிட்டால் வரமாட்டேன்.

மேரி


சைதாப்பேட்டை
12-10-93

ஆரோக்கியமேரிக்கு,

நான் வரி போடவில்லை. நீ வரவில்லை. இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டோம்.

ஏழாம் தேதி பத்தரை மணிக்கு ஜீப் வந்தது. ஒன்பது பேர் நின்றோம். அதில் ஒருவர் நம் தெருவே இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவர். நான் தட்டைத் தட்டிக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்வந்தேன். கதவுகளுக்கு உள்ளே ஆள் சத்தம் கேட்டது. இன்ஜினியர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. “பெரியவரே, நீங்க சொல்றத நம்பறேன். ஆனா நான் பார்த்ததத்தானே எழுத முடியும்” என்றார். ஒன்பது என்று எழுதினார். அவர் பேனா எழுதியதை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். அது மட்டும் எனக்கு நன்றாக வரும். மறுபடி ஜனவரியில் வருகிறேன், அதுவே கடைசி வாய்ப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று காலையில் மூன்று தடவை பாலம் வரை போய்ப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று. இதை எழுத நினைக்கவில்லை, எழுதிவிட்டேன். அடித்தால் காகிதம் அசிங்கமாகும்.

எட்டாம் தேதி பவுனம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. நீ சொன்ன அன்றே சேர்த்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. ஆனால் எத்தனை நாளாக வீக்கம் என்று இரண்டு தடவை கேட்டார்.

தலைமையை இப்போது விட்டால் தோற்று ஓடியதாக ஆகும். விடமாட்டேன்.

சின்னப்பையன்


பட்டினப்பாக்கம்
28-11-93

அண்ணே,

அண்ணி போன அன்று நாம் இரண்டு பேரும் ஒரே வாசலில் நின்றோம். பேசிக்கொள்ளவில்லை. நீங்கள் என்னைப் பார்க்கவும் இல்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்துக்குத்தான் நாம் பழகிவிட்டோம்.

நான் ஏழாம் தேதி வந்திருக்க வேண்டும். நீங்கள் விதியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள் என்று பேசினேன். நான் நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விசில் என் இடுப்பில் இருந்தது. அன்று காலை எட்டு மணிக்கு பஸ் ஸ்டாப் வரை வந்து, இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பினேன். இதைப் பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்கள் எந்த அளவு கவனித்தீர்களோ தெரியாது. மழையில் ரோடு உடைந்து நாலு நாளாக லாரி வரவில்லை. அண்ணியைக் குளிப்பாட்ட உங்கள் வீட்டில் அரைக் குடம்கூட இல்லை. பானையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அன்புச்செல்வியிடம் போய் ஒரு குடம் இருந்தால் கொடு என்றேன். நிறைமாத வயிற்றோடு அதுவே தூக்கிக்கொண்டு வந்தது. நான் கேட்டது அந்த ஒரு வீட்டில்தான். பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. வீட்டுக்கு ஒரு குடம். குடிக்க வைத்திருந்த தண்ணீர் அண்ணே. யாரும் விசில் ஊதவில்லை, யாரும் தட்டைத் தட்டவில்லை. வரிசை ஆற்றோரம் வரை நின்றது. இடித்துக்கொள்ளவில்லை. யார் முதல் யார் கடைசி என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு குடத்திலிருந்து ஒரு சொம்புதான் எடுக்க முடிந்தது. அண்ணி உடம்பு அவ்வளவு சின்னதாகிவிட்டிருந்தது.

நீங்கள் கூரைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. மற்றவர்கள் ஜெபம் என்று நினைத்திருப்பார்கள். எண்ணுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனை என்று நான் கேட்கமாட்டேன்.

இந்தக் கவரில் விசில் இருக்கிறது. யாரிடம் கொடுப்பது என்பது உங்கள் விருப்பம்.

மேரி


சைதாப்பேட்டை
18-1-94

தங்கச்சி மேரிக்கு,

நூற்று முப்பத்தெட்டு. நீ கேட்கமாட்டேன் என்றாய், நானே சொல்கிறேன். மனுவில் நூற்று நாற்பது வீடு என்று எழுதியிருந்தோம். குறைந்த இரண்டில் ஒன்று உன் வீடு, பூட்டிக்கிடக்கிறது. இன்னொன்று என் வீடு.

விசிலை மறுநாளே கதிரேசனிடம் கொடுத்துவிட்டேன். தை பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு அவனைத் தலைவனாக்கினோம். முதல் விதியை எடுத்துவிட்டார்கள். நோயாளியும் கர்ப்பிணியும் இருக்கும் வீட்டுக் குடம் முன்னால், தலைவன் குடம் தன் முறைப்படி. எல்லோரும் கை தூக்கினார்கள். எதிர்த்துக் கை தூக்கியவன் நான் ஒருவன்தான். “இன்னா தலைவரே, இன்னமுமா?” என்றான் கதிரேசன். இன்னமும்தான். அந்த விதி இல்லாமல் பதினொரு வீடு சேர்ந்திருக்காது. அதில் எனக்கு மாற்றமில்லை. விதி என்னுடையது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றவள் அவள். ஒன்பது வருஷமாகத் தலைவர் கடைசியில் நிற்கிறார் என்று ஊர் சொன்னது. நானும் நம்பினேன். நீ போகும் வரை நான் ஒரு நாள்கூட நிற்கவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விடுவேன்.

இன்னொன்றையும் எழுத்தில் வைக்கிறேன். அன்றைக்குத் தரையில்தான் ஊற்றினேன். அன்புச்செல்வி குடத்தை இழுத்துக்கொண்டதும் எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. என் வாசல் பத்தடி தூரத்தில் இருந்தது. தூக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தால் அவள் குடித்திருப்பாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். ஈரம் அவள் காலடி வரை ஓடிப்போனது. அவள் காலை இழுத்துக்கொண்டாள். பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பதினொன்றாம் தேதி இன்ஜினியர் வந்தார். கதிரேசன் விசில் ஊதினான். உன்னைப் போல நீட்டி ஊத வரவில்லை, ஆனாலும் வந்தார்கள். நான் பின்னால் நின்றேன். அவர் எண்ணிக்கொண்டே போய் நூற்று இருபதோடு நிறுத்திவிட்டு, போதும் என்றார். அவரைப் பாலம் தாண்டி வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது பாலத்தில் எல்லோரும் நின்றார்கள். நானும் நின்றேன். யாரும் என்னைப் போலப் பேசிக் காட்டவில்லை. நான் இருப்பதால் என்று புரிந்து முன்னால் நடந்துவிட்டேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சின்னப்பையன்


பட்டினப்பாக்கம்
2-4-94

அண்ணே,

அக்கா வழுக்கி விழுந்து கை உடைந்திருக்கிறது. கூடையை நான் ஒருத்தியே தூக்குகிறேன், அதனால் நேரில் வர முடியவில்லை. பள்ளம் தோண்டிக் குழாய் போட்டாகிவிட்டது, பதினேழாம் தேதி தண்ணீர் திறக்கிறார்கள் என்று கதிரேசன் சொன்னான். குழந்தைக்குப் பெயர் வைத்ததையும் சொன்னான். பவுனு என்று கூப்பிடுகிறார்களாமே. உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றான்.

ஒன்று கேட்கிறேன். குழாயில் முதல் குடம் அண்ணி குடமாக இருக்கட்டும். கதிரேசனும் அதைத்தான் கேட்பான். இதில் மட்டும் பிடிவாதம் வேண்டாம்.

மேரி


சைதாப்பேட்டை
20-4-94

தங்கச்சிக்கு,

கதிரேசன் கேட்டான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அன்புச்செல்வியும் வந்து கேட்டது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் உயிரோடு இருந்தபோது முன்னால் வைக்காத குடத்தை இப்போது வைத்து யாருக்குக் காட்டுவது? எப்போதும் போலக் கடைசியில் வைத்தேன். இந்தத் தடவை அதன் பக்கத்தில் நான் நின்றேன்.

நூற்று முப்பத்தொன்பது வீடு முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. எனக்கு முன்னால் ஐந்து பேர் இருக்கும்போது குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரியில் அந்த இடத்தில்தான் தண்ணீர் நூலாகிவிடும். மூன்று பேர். இரண்டு பேர். குறையவில்லை. என் முறை வந்தபோதும் முதல் குடத்துக்கு வந்த அதே வேகத்தில் வந்தது. குடம் கழுத்து வரை நிறைந்து வழிந்தது. நான் குழாயை மூடவில்லை. ஒரு சொட்டு சிந்தினாலும் ஊரைத் திட்டுகிறவன் நான். தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கதிரேசன் வந்து மூடினான்.

வீட்டுக்குத் தூக்கிவந்த பிறகு குடத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எப்போதும் அவள்தான் இறக்கி வைப்பாள்.

நேற்று உளியைத் தேடி எடுத்தேன். வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது, உனக்குத் தெரியும். தட்டினால் குடம்தான் ஓட்டையாகும். அதனால் மேலே இருந்த இடத்தில் அவள் பெயரை வெட்டினேன். ஐந்து எழுத்து. காலையில் ஆரம்பித்து மத்தியானம் ஆகிவிட்டது. கை முன்பு போல நிற்கவில்லை. ‘வு’ கொஞ்சம் சாய்ந்துவிட்டது. இப்போது சேர்த்துப் படித்தால் ‘பவுனம்மா கடைசி’ என்று வருகிறது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

உன் வீட்டுப் பூட்டு துருப்பிடித்துவிட்டது. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். உன் வீட்டு வாசலுக்கு எதிரேயும் குழாய் வருகிறது. கணக்கில் ஒரு வீடு இன்னும் குறைகிறது.

அக்காவுக்குக் கை சரியானதும் ஒரு நாள் வா. எழுத்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல். குடம் நிறையத்தான் இருக்கிறது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போ.

அண்ணன்
சின்னப்பையன்